டென்ஷன் ஆகாதீங்க சார்!

அக்டோபர் 10 அன்று காலை பதினோரு மணிக்கு, கொள்முதல் நிலைய வாசலில், என் ஒன்பது மா குறுவை நெல்லின் மேல் போர்த்தியிருந்த படுதாவின் நாலாவது மூலையைக் காலால் மிதித்துக்கொண்டு நின்றேன். ஒரு பிள்ளை வந்து கையில் நோட்டீஸ் கொடுத்தான். ‘உலக மனநல நாள். மனதை லேசாக வைத்திருங்கள்’ என்று போட்டிருந்தது. மற்ற மூன்று மூலைக்கும் செங்கல் கிடைத்திருந்தது. நாலாவதற்கு நான்தான் செங்கல். நான் லேசானால் படுதா பறந்துவிடும் தம்பி என்றேன்.

“டென்ஷன் ஆகாதீங்க சார்” என்றான்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறந்தால் குறுவை அக்டோபரில்தான் அறுவடைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையும் அக்டோபரில்தான் வரும். நடுவில் மாட்டிக்கொண்டு நிற்பவனுக்கு மனநல நாளையும் அதே மாதத்தில் வைத்திருக்கிறார்கள். 1992இல் இந்தத் தேதியைக் குறித்தவர்கள் எங்கள் ஊரில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், தை மாதம் வையுங்கள், சம்பா வீடு வந்து சேர்ந்திருக்கும், நாங்களும் ஆரோக்கியமாக வந்து கைதட்டுவோம் என்று சொல்லியிருப்போம்.

மனசைத் தேற்றிக்கொள்ள என் பாட்டி ஒரு வழி வைத்திருந்தாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. அதற்கு முன்னால் இந்த ‘டென்ஷன் ஆகாதீங்க’வை ஒரு கை பார்த்துவிட்டு வருகிறேன்.

டென்ஷன் இல்லாமல் இருப்பவனிடம் யாரும் இதைச் சொல்வதில்லை என்று நினைக்கிறீர்களா? அவனிடம்தான் முதலில் சொல்கிறார்கள். வங்கியில் நகையை மீட்கப் போய் நான் பாட்டுக்கு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “டென்ஷன் ஆகாதீங்க” என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். சர்வர் படுத்துவிட்டது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. கல்யாண வீட்டில் சமையல்காரர் நம்மைத் தனியாகத் தூண் ஓரம் அழைத்து, “டென்ஷன் ஆகாதீங்க மாமா” என்றால், மூன்றாம் பந்திக்குச் சாம்பார் கிடையாது. கண்டக்டர் சொன்னால் கும்பகோணத்துக் கடைசி பஸ் போய்விட்டது. டாக்டர் சொல்லிக்கொண்டே கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிப்பார். மானி 150ஐத் தாண்டும். பார்த்தீர்களா, டென்ஷன் ஆகிறீர்கள் என்பார். என் மச்சினன் ஒருவன் இருக்கிறான். “அத்தான், டென்ஷன் ஆகாதீங்க, தை பொறந்தா தந்துடறேன்” என்று கைமாற்று வாங்கிப் போனவன். எந்த வருஷத்துத் தை என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆறு தை பிறந்துவிட்டது. போன பொங்கலுக்கு வந்தவனிடம் ஜாடையாக ஆரம்பித்தேன். அவன் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்து, “அக்கா, அத்தான் ரொம்ப டென்ஷன் ஆவறார், கவனிச்சுக்க” என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் போட்டுக்கொண்டான். அன்றிலிருந்து எனக்குக் காபியில் சர்க்கரை பாதி.

இதில் இலக்கணமும் சேர்ந்து சதி செய்கிறது. நம் பாஷையில் கோபம் வரும், பயம் பிடிக்கும், சலிப்புத் தட்டும், துக்கம் தொண்டையை அடைக்கும். எல்லாமே எங்கிருந்தோ வந்து நம்மைப் படுத்துபவை. டென்ஷன் மட்டும் நாமே ‘ஆகிறோம்’. ஆக்கினவன் யார் என்ற கேள்விக்கு அதில் இடமே இல்லை. அந்தக் காலத்தில் ஒருவன் முகம் வாடி உட்கார்ந்திருந்தால் “என்ன விசாரம்?” என்று கேட்பார்கள். கேள்வி கேட்டால் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அரை மணி நேரம் போய்விடும். ‘ஆகாதீங்க’ என்பது உத்தரவு. போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

நோட்டீஸுக்கு வருவோம். முதல் வழி: ஆழமாக மூச்சை இழுத்து, நான்கு எண்ணும்வரை நிறுத்துங்கள். பக்கத்துக் குவியலில் நெல் தூற்றிக்கொண்டிருந்தார்கள். இழுத்தேன். இரண்டு எண்ணுவதற்குள் அத்தனை சுணையும் உள்ளே போய், சாயங்காலம் வரை இருமினேன். இரண்டாவது வழி: நேரத்தோடு தூங்குங்கள். ராத்திரி நெல்லுக்குக் காவல் யார், ஆடா? மூன்றாவது: நண்பர்களுடன் மனம்விட்டுப் பேசுங்கள். நண்பர்கள் எல்லாரும் அங்கேயேதான், ஆளுக்கொரு குவியலோடு இருந்தார்கள். மனம்விட்டுப் பேசினோம். பேச்சு முழுக்கப் பதினேழு. நெல்லில் ஈரப்பதம் நூற்றுக்குப் பதினேழுக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மெஷினில் எனக்கு 19.4 காட்டியது. மனுஷனுக்கு மனசில் ஈரம் வேண்டும், நெல்லில்தான் கூடாது என்றேன். யாரும் சிரிக்கவில்லை. “டென்ஷன் ஆகாதீங்க, நாளைக்கு வெயில் அடிக்கும்” என்றார் மெஷின் வைத்திருந்தவர். வானம் அப்போதே தூற ஆரம்பித்தது.

திருவிடைமருதூருக்குப் போய் வாருங்கள் என்றாள் மனைவி. வரகுண பாண்டியனைத் துரத்தி வந்த பிரம்மஹத்தி கிழக்குக் கோபுர வாசலில் காத்து நிற்க, அவன் மேற்கு வாசல் வழியாக நழுவிய ஊர். இன்றும் போன வாசலில் திரும்பக் கூடாது என்பார்கள். பாண்டியனுக்கு வசதி, அவனுடையது வாசலில் நின்றது. என்னுடையது சட்டைப்பையில் இருக்கிறது. மேற்கு வாசலுக்கு வந்ததும் மணி அடித்தது. மச்சினன்! ‘மனமே மருந்து’ என்று ஒரு தாமரைப்பூப் படம் அனுப்பியிருந்தான்.

நோட்டீஸை நான் கிழிக்கவில்லை. அதன் அடியில் ஓர் எண் இருந்தது: 14416. டெலி மானஸ் என்னும் மனநல உதவி எண். 2022இல், இதே அக்டோபர் 10இல் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். அது ஒன்றைப் பெரிய எழுத்தில் போட்டு, மூச்சுப் பயிற்சியைச் சின்னதாகப் போட்டிருக்கலாம். அப்படி ஓர் எண் தேவைப்பட்ட ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து ஓய்ந்த பிறகு பட்டுக்கோட்டைப் பக்கம் போயிருந்தேன். சாய்ந்து கிடந்த தென்னைகளைப் பார்த்தபடி வாசலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எங்களை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. வந்தாரை வாங்க என்று சொல்லாத வீட்டை அந்தப் பக்கத்தில் அன்றுதான் பார்த்தேன். கூட வந்தவர் அவரிடம் என்ன சொன்னார் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு இன்னும் அந்தக் கூட வந்தவர் மேல் கோபம் போகவில்லை.

பாட்டி வழி பாக்கி இருக்கிறது. ஆனால் மேற்கே இருட்டிக்கொண்டு வருகிறது, யாரோ ஒரு மூலைச் செங்கலை எடுத்துப் போய்விட்டார்கள், எனக்கு இருப்பது இரண்டு கால். இதைப் படிக்கும் யாராவது இந்தப் பக்கம் வந்தால், ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு செங்கல் கொண்டு வாருங்கள்.