வீட்டுக்கு அறிவு வந்த கதை

பல்பு, பூட்டு, அழைப்புமணி, துடைப்பம் என்று வீட்டிலுள்ள எல்லாமே இப்போது படித்துவிட்டன. 2021 டிசம்பரில் அமேசானின் கிளவுட் சர்வர்கள் சில மணி நேரம் படுத்துக்கொண்டன. உடனே தரை பெருக்கும் ரூம்பா ரோபோக்கள் பலவும் ஆப் சொல்வதைக் கேட்க மறுத்தன. விளக்குமாறு இப்படி வேலைநிறுத்தம் செய்ததாகச் சரித்திரம் இல்லை.

அமெரிக்கர்கள் பாதுகாப்புக்காக ரிங் நிறுவனத்தின் கேமராவை மாட்டினார்கள். அந்நிறுவன ஊழியர் ஒருவரே பெண்களின் படுக்கையறை, குளியலறைக் காட்சிகளை ஆயிரக்கணக்கில் பார்த்ததாக 2023-இல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. 58 லட்சம் டாலரில் விவகாரம் முடிந்தது. வேலி பயிரை மேய்வது பழசு. வேலிக்கு மாதச் சந்தா கட்டுவதுதான் புதுசு.

2016-இல் மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலை வைத்த 'அட்மின்' பாஸ்வேர்டோடு கிடந்த கேமராக்களைப் படைதிரட்டி ட்விட்டரையே முடக்கியது. திருடனைப் பிடிக்க வைத்த கண்கள், அடியாள் வேலைக்குப் போய்விட்டன.

ஒரு கம்பெனி சுவிட்சும் இன்னொரு கம்பெனி பல்பும் சண்டைபோட்ட சம்பந்திகள் மாதிரி, முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தன. சமரசம் செய்ய 2022-இல் 'மேட்டர்' என்ற பொதுத்தரம் வந்தது. அதன் முதல் பதிப்பில் கேமராவுக்கு இலையே போடவில்லை.

இப்படிப்பட்ட கருவிகளை இணைக்கும் ரிவால்வ் என்ற ஹப் பெட்டி ஏறக்குறைய 300 டாலருக்கு விற்றது, ஆயுள் சந்தா உட்பட. அந்தக் கம்பெனியையே வாங்கிப்போட்ட நெஸ்ட் நிறுவனம் 2016 மே மாதம் சர்வரை அணைத்தது; பெட்டி செங்கல்லானது. ஆயுள் யாருடையது என்று வாங்கும்போதே கேட்டிருக்க வேண்டாமா?