திங்கட்கிழமைக் கசங்கல்: விளக்கம் கோரி ஒரு மனு

அனுப்புநர்:
தேய்த்த சட்டை போடும் ஒருவன்,
காரைக்குடி.

பெறுநர்:
சி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றம்,
ரஃபி மார்க், புது தில்லி.

பொருள்: திங்கட்கிழமைதோறும் கசங்கிய உடை அணிதல் – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் அனுப்பவே இல்லை என்று தாங்களே சொன்ன சுற்றறிக்கை.

பெருமதிப்பிற்குரிய மன்றத்தாருக்கு,

ஓட்டுப் போட்டால் விரலில் வைக்கிறார்களே அழியாத மை, அது உங்கள் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் கைவண்ணம். 1962 பொதுத் தேர்தலில் வந்த அந்தக் கறையை இன்று யாரும் மறைப்பதில்லை. விரலை நீட்டிப் படமெடுத்து ஸ்டேட்டஸில் வைக்கிறோம். கறைக்கே மரியாதை வாங்கிக் கொடுத்தவர்கள் 2024 மே மாதம் கசங்கலுக்கும் வாங்கித்தரக் கிளம்பியதில் வியப்பில்லை. 'கறை நல்லது' என்ற சோப்புத்தூள் விளம்பரத்தின் சாயலில் 'ரிங்கிள்ஸ் அச்சே ஹை', அதாவது 'கசங்கல் நல்லது' என்று பெயர். மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் சேத்தன் சிங் சோலங்கியின் எனர்ஜி ஸ்வராஜ் அறக்கட்டளை கிளப்பிய யோசனை. திங்கட்கிழமை ஒருநாள் தேய்க்காமல் போட்டுக்கொண்டு வந்தால் ஒரு ஜோடித் துணிக்கு 200 கிராம் வரை கரியமில வாயு மிச்சம் என்று கணக்குச் சொன்னீர்கள். மே 1 முதல் 15 வரை நடந்த தூய்மை இருவாரத்தோடு இதையும் சேர்த்துக்கொண்டீர்கள். பத்திரிகைகள் பெரிதாக எழுதியதும், அப்படியொரு சுற்றறிக்கையே அனுப்பவில்லை என்று விளக்கமும் கொடுத்தீர்கள்.

அங்கேதான் சிக்கல். அனுப்பிய சுற்றறிக்கை என்றால் திரும்பப் பெறலாம். அனுப்பாததை எப்படித் திரும்பப் பெறுவது? எங்கள் அலுவலகத்தில் அது இன்னும் அமலில் இருக்கிறது.

அலுவலகத்தின் பெயர் வேண்டாம். சின்ன இடம், யாரிடம் எத்தனை சட்டை என்பது எல்லோருக்கும் தெரியும். முதல் திங்கட்கிழமை ஆளுக்கு ஒரு கூச்சத்தோடு வந்தோம். சாவு வீட்டுக்குப் போய்விட்டு நேரே வந்துவிட்டீர்களா என்று ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொண்டோம். பிறகு மனிதவளத்துறை அம்மணி வாட்ஸ்அப் குழுவில் 'இந்த வாரக் கசங்கல்' என்று ஒரு பரிசை அறிவித்தார். அதோடு பூமியைக் காப்பாற்றும் வேலை முடிந்தது, ஃபேஷன் தொடங்கியது.

இப்போது ஞாயிறு ராத்திரி எங்கள் ஆட்கள் படும் பாட்டை நீங்கள் பார்க்க வேண்டும். ஈரச் சட்டையை முறுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, குக்கருக்குப் பக்கத்தில் காயவைக்கிறார்கள். சுருக்கம் நெடுக்குவாக்கில் விழ வேண்டுமாம். குறுக்கே விழுந்தால் தூங்கி எழுந்த மாதிரி தெரியுமாம். மேலாளர் இதற்கென்றே மதுரைக்குப் போய் லினன் சட்டைகள் வாங்கி வந்தார். ஒன்றின் விலையில் எங்கள் தெரு இஸ்திரிக்காரரிடம் ஒரு குடும்பத்துக்கே மாதம் முழுக்கத் துணி தேய்த்துவிடலாம். கணக்குப் பிரிவுத் தம்பி ஒருவர் மானாமதுரையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிறவர். வாரத்தின் ஆறு நாளும் அவருடைய சட்டை இயற்கையாகவே கசங்கியிருக்கும். ஒருமுறைகூட அவருக்குப் பரிசு இல்லை. பஸ்ஸில் கசங்கியது போட்டியில் சேராதாம்; கசங்கலில் ஒரு 'கான்செப்ட்' வேண்டுமாம்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். போன மாதம் வாசலில் நடந்ததற்குத்தான் விளக்கம் கேட்கிறேன். செக்யூரிட்டி அண்ணனுக்கு அறுபதை ஒட்டிய வயது. உள்ளே எல்லோரும் கசங்கி வருவதை வாராவாரம் கதவு திறந்துவிட்டுப் பார்த்தவர். அன்று நீல யூனிஃபார்மைத் துவைத்து, உதறி, தேய்க்காமல் போட்டு வந்துவிட்டார். மேலாளர் காரைவிட்டு இறங்கினார். லினன் சட்டை, முழங்கைவரை மடிப்பு மடிப்பாகச் சுருக்கம்.

"என்னய்யா இது, யூனிஃபார்மை இப்படியா போட்டுட்டு வர்றது? வர்றவன் போறவன் என்ன நெனைப்பான்?"

"இன்னைக்குத் திங்கக்கிழமைங்களே சார்."

"அது ஸ்டாஃபுக்குய்யா."

மன்றத்தாரே, அந்த இரண்டு ஜோடித் துணியிலும் மிச்சமான கரியமில வாயு ஒரே அளவுதானே? அல்லது பதவிக்கேற்ப மாறுமா? உங்களிடம் கருவிகள் இருக்கின்றன. அளந்து சொன்னால் நல்லது. 2014இல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே சென்னையில் ஒரு கிளப் உள்ளே விடவில்லை. அதே வருடம் சட்டமன்றத்தில் சட்டம் போட்டு வேட்டியைக் காப்பாற்றினோம். செக்யூரிட்டி அண்ணனின் கசங்கலுக்காக யாரும் சட்டமன்றத்தைக் கூட்டப்போவதில்லை. ஆகவே அடுத்த சுற்றறிக்கையை அனுப்பாமல் இருக்கும்போது, அதில் வாட்ச்மேன், டிரைவர், இன்டர்வியூவுக்கு வரும் பையன்கள் எல்லோரையும் சேர்த்தே அனுப்பாமல் இருக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது கணக்கு. உங்கள் 200 கிராமில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயிரம் வாட் பெட்டி, சட்டை பேண்ட்டுக்குப் பத்து நிமிடம் என்று போட்டுப் பார்த்தாலும் அதற்குள்தான் வருகிறது. ஆனால் எங்கள் கூட்ட அறையில் ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று இருக்கிறது. முழுவேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். நம் நாட்டு மின்சாரத்தில் யூனிட்டுக்குக் கிட்டத்தட்ட 700 கிராம் கரியமில வாயு. அதாவது ஒரு மணி நேரக் கூட்டத்துக்கு ஐந்து ஜோடித் துணி காலி. திங்கட்கிழமை காலைக் கூட்டம் ஒரு மணி நேரத்தில் முடிந்ததாக வரலாறு இல்லை. தவிர, ஏ.சி.யை 18இல் வைப்பதால் குளிர் தாங்காமல் பாதிப் பேர் கசங்கிய சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். கோட்டு தேய்த்தது.

2005இல் ஜப்பான் அரசு 'கூல் பிஸ்' என்று ஒன்று கொண்டுவந்தது. கோட்டையும் டையையும் கழற்றுங்கள், ஏ.சி.யை 28இல் வையுங்கள் என்றார்கள். உடையும் ரிமோட்டும் சேர்ந்தே மாறின. இங்கேயும் 2020 முதல் புதிதாக வரும் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதை 18க்கு இறக்க ஒரு கட்டைவிரல் போதும். அந்த விரலுக்கு வைக்க உங்களிடம் ஏதாவது மை இருக்கிறதா?

இஸ்திரிக்காரரிடமும் விசாரித்தேன், உங்கள் புண்ணியத்தில் பிழைப்புக் கெட்டிருக்குமோ என்று. புங்கமரத்தடியில் வண்டி. சொம்பிலிருந்து நீரை விரலால் தெளித்து, பெட்டியை ஈரத்துணியில் ஒரு தொடு. 'சுர்'ரென்று கேட்டால்தான் சட்டைக்கு வரும். முதலில் காலர், பிறகு தோள், கை, கடைசியில் முன்பக்கம். பித்தான்களுக்கு நடுவே அந்தக் கனத்த பெட்டியின் மூக்கு நுழைந்து வருவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம்.

"எனக்கு ஒண்ணும் நட்டமில்ல சார்," என்றார். "திங்கக்கிழம கசங்கலாப் போடுறதத் தொவச்சு, பொதன்கிழமைக்குப் பொட்டி போட இங்கதான கொண்டாராக. உங்க ஆபீசு ஆளுக ரெண்டு பேரு காலரு மட்டும் தேச்சுக் குடுங்கன்னு தனியா வேற குடுக்குறாக."

அவரைப் பாடாய்ப் படுத்துவது நீங்களல்ல, கரி. நாள் முழுக்கப் புகை கண்ணுக்கும் நெஞ்சுக்கும்தான் போகிறது. இதற்கு ஒரு வழியைத் திருவண்ணாமலை வினிஷா உமாசங்கர் பள்ளி மாணவியாக இருந்தபோதே காட்டிவிட்டார். கூரையில் சூரியத்தகடு வைத்த இஸ்திரி வண்டி; ஐந்து மணி நேர வெயிலில் ஆறு மணி நேரம் தேய்க்கலாம். 2020இல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலை விருது அந்த வண்டிக்குக் கிடைத்தது. அடுத்த வருடம் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன்னால் பேசிவிட்டும் வந்தார். வண்டி மட்டும் எங்கள் தெருவுக்கு இன்னும் வரவில்லை.

இதை நான் தில்லிக்கு எழுதக் காரணம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து இந்த ஊருக்குக் கொண்டுவந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உங்களுடையது. மின்கலத்துக்குப் பேர்போன இடம். உங்கள் முதல் பெண் தலைமை இயக்குநர் கலைச்செல்வி அம்மையார் அங்கே வேலை பார்த்து, அதன் இயக்குநராகவும் இருந்து தில்லி சென்றவர். ஆகவே வெயிலைச் சேர்த்து வைத்துப் பெட்டியைச் சூடாக்கும் மின்கலம் ஒன்றை, உருப்படிக்குப் பத்து ரூபாய் வாங்குகிறவர் கட்டக்கூடிய தவணையில், உங்கள் ஆட்கள் செய்து தர வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதுவரை இடைக்கால ஏற்பாடாக, ஹாஸ்டல் பையன்கள் காலங்காலமாகச் செய்வதுபோல் பேண்ட்டை மடித்து மெத்தைக்கடியில் வைத்துப் படுத்துக்கொள்ளும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்பலாம். கரியமில வாயு சுழியம். புரண்டு படுப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

அளவெடுக்க ஆய்வகத்திலிருந்து யாராவது வருவதாக இருந்தால் இஸ்திரிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். காலை பத்து மணிக்கு மேல் ஓய்வாக இருப்பாராம். ஞாயிறு சாயங்காலம் மட்டும் வேண்டாம், காலர் கூட்டம் அதிகமாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திங்கட்கிழமையும் தேய்த்துப் போடுகிறவன்.

நகல்: செக்யூரிட்டி அண்ணனுக்கு, வாசித்துக் காட்டப்பட்டது.