சோலார் நிலையமும் ஒரு கண்மாயே: நிலவரைபடக் குறியீட்டியலுக்கு ஒரு முன்மொழிவு

1802இல் பரங்கிமலைக்கு அருகே பிரிட்டிஷ் படை அதிகாரி லாம்டன் நில அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கிய நாள்முதல், இந்நாட்டின் தரையில் நில அளவையர் கண்ணுக்குத் தப்பியது குறைவு. நில அளவைத் துறையின் தாளில் கோயிலுக்கு ஒரு குறி, கல்லறைக்கு ஒரு குறி, பனைமரத்துக்கும் ஒரு குறி உண்டு. கிணற்றில்கூடக் கட்டியது வேறு, கட்டாதது வேறு. இவ்வளவு நுட்பமான தாளில், கமுதிக்கு அருகே 2016இல் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் எழுந்த 648 மெகாவாட் சோலார் நிலையத்தை எந்தக் குறியால் காட்டுவது? இதே சிக்கலில் பிரிட்டனின் ஆர்ட்னன்ஸ் சர்வே 2015இல் பொதுமக்களுக்குப் போட்டி வைத்துப் புதுக்குறிகள் வரையச் சொன்னது. வரைய வேண்டியவற்றின் பட்டியலில் சோலார் பண்ணையும் இருந்தது. புதுக்குறி வந்தால் அதைப் படிக்கத் தெரியாத புது வாசகரும் கூடவே வருவார் என்பதை அவர்கள் எண்ணவில்லை. இக்கட்டுரையின் துணிபு எளியது: கண்மாய்க்குரிய பழைய குறியே போதும். ஏனெனில் சோலார் நிலையம் கண்மாயேதான்.

இதற்கு முதற்சான்று தருவோர் பூச்சிகள். நீரில் முட்டையிடும் மேஃபிளை போன்றவை, நீர்ப்பரப்பில் பட்டுத் தளவிளைவுறும் (ஒரே தளத்தில் அதிரும்) ஒளியைக் கொண்டே நீரை அடையாளம் காண்கின்றன. சோலார் பேனலின் கரும்பரப்பு அந்த ஒளியை நீரைவிட மிகுதியாகக் காட்டுவதால், அவை பேனலில் இறங்கி முட்டையிடுவதை ஹங்கேரியில் காபோர் ஹொர்வாத் குழுவினர் ஆராய்ந்து 2010இல் வெளியிட்டனர். பூச்சியின் சொல் சான்றாகுமா எனின், ஆகும். கமுதி இருக்கும் இராமநாதபுரச் சீமையில் பரப்பை அளக்கும் பொறுப்பு முன்பே பறவையிடம் தரப்பட்டிருக்கிறது. நாரையாலும் பறந்து கடக்க முடியாத பரப்பு என்ற பொருளில், இராஜசிங்கமங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்றுதான் ஊர் சொல்கிறது. நாரையை அளவையராக ஏற்றவர்கள் மேஃபிளையைத் தள்ள நியாயமில்லை. பேனலில் வெள்ளைக் கட்டங்கள் போட்டால் பூச்சிகள் இறங்குவது குறைகிறது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அதாவது, சோலார் நிலையத்துக்கான முதல் வரைபடக் குறியை மனிதனுக்கு முன்பே பூச்சிக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

கண்மாயில் நீர் உண்டே, இதில் இல்லையே எனின், தடை சொல்பவர் சித்திரை மாதத்தில் அந்தப் பக்கம் போகாதவர். வேண்டாத ஊழியரை மாற்றும் ‘தண்ணியில்லாக் காடு’ என்று பெயர் வாங்கிய சீமையில், நீரைக் கண்மாயின் இலக்கணமாக வைத்தால் ஆண்டில் பாதி நாள் எதுவும் கண்மாய் ஆகாது. நில அளவைத் தாளும் வற்றாததை நீலத்தில் காட்டி, வற்றியதை வேறாகக் காட்டுகிறதே ஒழிய, வற்றியதைத் தாளிலிருந்து நீக்குவதில்லை. கரை எங்கே எனின், கம்பி வேலி. மடை எங்கே எனின், துணைமின் நிலையம். ஆயக்கட்டு எது எனின், தமிழகம் முழுதும் மின்விசிறி சுழலும் வீடுகள். குடிமராமத்தும் உண்டு: கண்மாயில் தூர் வாருவார்கள், இங்கே தூசு துடைக்கிறார்கள். கமுதியில் அந்த வேலையை ரோபோக்கள் செய்கின்றன. கண்மாய் மழையைத் தேக்குகிறது, பேனல் வெயிலைத் தேக்குவதில்லையே என்பது சற்று வலுவான தடை. ஆனால் தூர் மேவிய கண்மாயும் வந்த நீரை அப்படியே கலுங்கு வழியே அனுப்பிவிடுகிறது. அதன் பெயரை யாரும் மாற்றவில்லை.

எஞ்சுவது நிறம் மட்டுமே. பகலில் நிறைந்து இரவில் வற்றும் நீர்நிலை உலகில் வேறில்லாததால், கரைக்கோட்டுக்குள் பாதி நீலமும் பாதி வெறுமையும் விடலாம் என்பது எமது பரிந்துரை.

இறுதித் தடை ஒன்றுண்டு. அதைச் சோலார் நிலையம் நடத்தும் கம்பெனிக்காரர்களே எழுப்பக்கூடும். கண்மாய், ஏரி என்று தாளில் ஏறிய இடங்களின் பிற்கால வரலாறு அச்சந்தருவது. மாம்பலத்து நெடிய ஏரி தியாகராய நகராயிற்று. நுங்கம்பாக்கம் ஏரியில் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றத் தமிழகம் 2007இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. ஆனால் இந்தத் தடையே துணிபைச் சோதிக்கும் வழியையும் காட்டுகிறது. ஓரிடம் கண்மாய்தான் என்பதற்குப் பூச்சியைவிட உறுதியான சான்று, அதற்குள் வீட்டுமனைப் பட்டா கேட்டு வரும் மனு. பேனல்களுக்கு நடுவே இடம் கேட்டு முதல் மனு தாலுகா அலுவலகத்துக்கு வரும்வரை, இத்துணிபைக் கருதுகோள் என்றே கொள்க.