கால் காசு உத்தியோகம்

1696-ல் ஐசக் நியூட்டனுக்கு வயது 53. கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராகி 27 வருஷம். ஒளி, ஈர்ப்பு விசை, நுண்கணிதம் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்தாயிற்று. வகுப்புக்கு மட்டும் ஆள் சேரவில்லை. வந்த ஓரிருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. ஒருவரும் வராத நாளில் மனுஷர் சுவருக்குப் பாடம் நடத்திவிட்டு வருவாராம். அவருடைய உதவியாளர் சொன்ன தகவல் இது.

நடுவில் 1693-ல் தூக்கம் கெட்டு, புத்தி கலங்கி, நண்பர்களுக்கெல்லாம் கன்னாபின்னாவென்று கடிதம் போட்டார். தத்துவஞானி ஜான் லாக், தன்னைப் பெண்களோடு சிக்க வைக்கப் பார்ப்பதாக ஒரு குற்றச்சாட்டு. பாவம் லாக்.

இனி ஊர் மாறினால்தான் சரிப்படும். எப்படி மாறுவது? உலக வழக்கப்படி சிபாரிசுதான். பழைய சிநேகிதர் சார்லஸ் மான்டேகு நிதியமைச்சராக இருந்தார். லண்டன் கோட்டைக்குள் இருந்த அரசு நாணயச் சாலையில் வார்டன் பதவி காலி, வருஷத்துக்கு 500, 600 பவுண்டு தேறும், அடிக்கடி வந்து தலைகாட்டும் அளவுக்கு வேலையும் இல்லை என்று எழுதினார். கால் காசு உத்தியோகமானாலும் கவர்மென்ட் உத்தியோகம் வேண்டும் என்பார்கள். இவருக்கோ காசு அடிக்கிற இடத்திலேயே கவர்மென்ட் உத்தியோகம்!

பெரிய மனிதர்கள் சும்மா இருக்கக் கிடைக்கிற பதவி அது. ஆனால் நியூட்டனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

அப்போது இங்கிலாந்தின் வெள்ளிக் காசுகள் தேய்ந்து கிடந்தன. ஓரத்தைக் கத்தரித்து உருக்கி விற்பது அங்கே குடிசைத் தொழில். பழைய காசையெல்லாம் வாங்கி உருக்கிப் புதிதாக அடிக்க உத்தரவு. நியூட்டன் அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்று கணக்குப் போட்டார். நிமிடத்துக்கு எத்தனை தட்டு தட்டலாம்? ஆளுக்கு எப்போது களைக்கும்? கோள்களை அளந்த அதே மூளை, இப்போது கூலியாட்களை அளந்தது. உற்பத்தி எகிறியது.

இடையில் கணித அறிஞர் பெர்னூலி, ஐரோப்பியக் கணித மேதைகளுக்கெல்லாம் ஒரு சவால் கணக்கு விட்டிருந்தார். தவணை மாசக்கணக்கில். 1697 ஜனவரியில் ஒரு நாள் மாலை 4 மணிக்கு ஆபீஸிலிருந்து அலுத்துக் களைத்து வந்த நியூட்டன் அதைப் பார்த்தார். விடிகாலை 4 மணிக்கு முடித்துவிட்டுத்தான் படுத்தார் என்று அவருடைய சகோதரி மகள் சொல்லியிருக்கிறார்.

வார்டன் தலையில் இன்னொரு வேலையும் இருந்தது: கள்ளக்காசு அடிப்பவர்களைப் பிடிப்பது. ஐயா, இதை மட்டும் என்னிடமிருந்து எடுத்துவிடுங்கள் என்று கஜானாவுக்கு மனு போட்டார். முடியாது என்றார்கள். சரி, செய்தால் ஒழுங்காகச் செய்வோம் என்று இறங்கினார். சாராயக் கடை, சிறைச்சாலை என்று சுற்றினார், உளவாளிகளுக்குக் காசு கொடுத்தார். செலவுக் கணக்கு காட்டும்போது வண்டிச் சத்தம், மதுக்கடை, சிறை எல்லாம் போட்டு, இதற்கெல்லாம் சத்தியம் செய்து கணக்குச் சொல்ல இயலாது என்றும் எழுதினார். உலகின் மிகப் பெரிய கணித மேதையிடம் பில் இல்லை.

வில்லியம் சாலனர் என்றொரு எத்தன். ஆணி செய்யும் பட்டறையில் தொழில் பழகியவன். பிறகு போலி வைத்தியன், அப்புறம் கள்ளக்காசுச் சக்கரவர்த்தி. இவன் நாடாளுமன்றக் குழுவிடமே போய், நாணயச் சாலையில் ஊழல், என்னை உள்ளே விட்டால் கள்ளக்காசே அடிக்க முடியாதபடி செய்து காட்டுகிறேன் என்றான். திருடன் சாவியைக் கேட்டான்! குழுவும் தலையாட்டியது. நியூட்டன் மறுத்துவிட்டார். அப்புறம் சாட்சி மேல் சாட்சியாகச் சேர்த்தார், தேற்றத்தை நிறுவுகிற மாதிரியே. கடைசியில் சாலனர், என்னைக் காப்பாற்ற உங்களால் மட்டுமே முடியும் என்று நியூட்டனுக்கே கெஞ்சிக் கடிதம் எழுதினான். 1699 மார்ச்சில் அவனைத் தூக்கில் போட்டார்கள்.

அதே வருஷக் கடைசியில் நியூட்டன் நாணயச் சாலைக்கே தலைவரானார். அடிக்கும் நாணயத்தின் எடைக்கேற்பக் கமிஷன். கேம்பிரிட்ஜ் பதவியையும் 1701 வரை விடவில்லை. அங்கே சுவர் காத்திருந்தது.

ஆப்பிள் விழுந்த கதையை அவர் நண்பர் வில்லியம் ஸ்டூக்லியிடம் சொன்னது 1726-ல்தான். அடுத்த வருஷம், பதவியில் இருக்கும்போதே, 84 வயதில் காலமானார். கேம்பிரிட்ஜில் பாடம் எடுத்த காலத்தைவிட அவர் நாணயச் சாலையில் வேலை பார்த்த காலமே அதிகம்.