அஞ்சு நிமிசத்துல உலகத்தைத் திருத்தப் போறியாக்கும்?

வாடே பேராண்டி, இப்பிடித் திண்ணையில உக்காரு. மூணு நாளா அந்தப் போனைத் தேய்ச்சுத் தேய்ச்சு கட்டைவிரல் தேஞ்சதுதான் மிச்சம். பேச்சுப்போட்டிக்குத் தலைப்பு தேடுதியாமே? எங்க காலத்துல பொண்ணு பாக்கக்கூட இத்தனை அலைச்சல் கெடையாது.

எங்க, எழுதி வெச்சிருக்கதை வாசி. "உலக அமைதி." சரி. "நெகிழியை ஒழிப்போம்." ம். "தாய்ப்பாசம்." நிப்பாட்டு, நிப்பாட்டு.

உலக அமைதிக்கு ஐ.நா. சபைக்காரங்க 1945-லேர்ந்து கூடிக்கூடிப் பேசுதாங்க. இன்னும் முடிஞ்ச பாடில்ல. நீ கடைசி மணி அடிக்கதுக்குள்ள முடிச்சுப்புடுவ, இல்ல? தாய்ப்பாசம் வேணும்னு நீ முழங்குனா, "அதெல்லாம் வேண்டாம்"னு எந்திரிச்சு நிக்க எந்தக் கிறுக்கன் வருவான்? எதிராளி இல்லாத களத்துல சிலம்பம் சுத்துனா காத்துதாண்டே அடி வாங்கும்.

நெகிழியா? ஒரு விழாவுக்குக் கூப்பிட்டாங்கன்னு போயிருந்தேன். சின்னப் பய ஒருத்தன் அந்தத் தலைப்புல தொண்டை கிழியப் பேசுனான். மொதப் பரிசு. பரிசை எதுல சுத்திக் குடுத்தாங்க? பளபளன்னு பாலித்தீன் தாள்ல. தலைவருக்குத் தண்ணி பிளாஸ்டிக் கப்புல. நான் சிரிச்சதுக்குப் பக்கத்துல இருந்தவன் மொறைச்சான். தூக்கி எறியுத பிளாஸ்டிக்குல 14 வகையை அரசாங்கம் 2019 சனவரி 1-லயே தடை பண்ணியாச்சு. சட்டமே வந்த பொறவு "ஒழிப்போம்"னு யாருகிட்டப்பா கேக்குத? பரோட்டா கடையில சால்னாவை இன்னும் கவர்லதான் கட்டுதான். தூக்குவாளி கொண்டாந்தா ரெண்டு ரூவா கொறைக்கணுமா வேண்டாமா? இப்பிடிக் கேளு. கடைக்காரனே சண்டைக்கு வருவான். அவன் வந்தா அது தலைப்பு.

வாதம் நமக்குப் புதுசா என்ன? பட்டிமண்டபம்ங்க சொல்லு மணிமேகலையிலயே கெடக்கு. சா. கணேசன் 1939-ல காரைக்குடியில கம்பன் கழகம் ஆரம்பிச்சாரு. கம்பன் விழான்னா கும்பகருணன் ஒசத்தியா வீடணன் ஒசத்தியான்னு கட்சி கட்டிருவாங்க. ஒருத்தன் தின்ன சோத்துக்கு நின்னான், ஒருத்தன் நியாயத்துக்குப் போனான். எவனைத் தள்ளுவ? கூட்டம் கலைஞ்ச பொறவும் பஸ்ல சண்டை ஓடும். "ராமாயணம் நல்ல நூல்"னு தலைப்பு வெச்சிருந்தா? பாதிச் சனம் சுண்டல் வாங்கப் போயிருக்கும்.

தலைப்புக்கு ஏண்டே உலகத்தைச் சுத்துத? நம்ம கம்மாய்க்கரைக்குப் போ. சீமைக்கருவை நிக்கும். அமெரிக்காப் பக்கத்துலேர்ந்து வந்த சாதி. இந்த மண்ணுக்கே பட்டா வாங்குன மாரி உக்காந்திருக்கு. ஆடு எலையைக் கடிக்காது. நெத்தைத் தின்னுபுட்டு, புழுக்கையில வெதைச்சுட்டுப் போவும். வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்ட கதைதான்னு நானே சொல்லியிருக்கேன்.

ஆனா விளாத்திகுளம், சாயல்குடிப் பக்கம் போய்ப் பாரு. மழை பொய்ச்ச வருசம் அந்தக் கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் பல வீட்டுல ஒலை கொதிச்சிருக்கு. "வேரோட புடுங்கு"ன்னு அவன் வாசல்ல போயிச் சொல்லு பாப்போம். 2017-ல மதுரை ஐகோர்ட் கிளை அகத்தச் சொல்லிச்சு. அதே வருசம் சென்னை ஐகோர்ட் அதை நிறுத்தி வெச்சு, நிபுணர்களை விட்டு ஆராயச் சொல்லிச்சு. கறுப்பு அங்கி போட்டவங்களே ரெண்டு தடவை யோசிச்ச சங்கதி. உன் போனு அதை ஒரு தடவையாவது காட்டிச்சா?

அதுக்காக, "சீமைக்கருவையும் சுற்றுச்சூழலும்"னு பேரு வெச்சுத் திரும்பவும் மலையைத் தூக்காத. நம்ம கம்மாய்க்குள்ள நிக்க கருவையை இந்தக் கோடைக்குள்ள வெட்டி, வித்த காசை மடை சரிபண்ணப் போடலாமா? அவ்வளவுதான். யாரு வெட்ட, காசு யாரு கையில? ஊரு அந்த நிமிசமே ரெண்டாப் பிரியும். உனக்கு அஞ்சு நிமிசம் பத்தாது.

ஒத்திகைக்குக் கண்ணாடி முன்ன நிக்காத. கண்ணாடி எதுத்துப் பேசாது. அடுக்களையில ஒங்க ஆச்சி இருக்கா. கேஸ் வந்து இத்தனை வருசமாச்சு, இன்னமும் வெந்நி போடக் கருவை வெறகுதான் வேணும்பா. அவகிட்டப் போயி, "கருவையை வெட்டணும் ஆச்சி"ன்னு ஆரம்பி. கரண்டியோட வெளிய வந்தான்னா தலைப்பு சரியா வந்திருக்குன்னு அர்த்தம்.

என்னையத் தொணைக்குக் கூப்பிடாத. நான் அவகிட்டத் தோத்துத் தோத்தே அம்பது வருசத்தை ஓட்டிட்டேன்.