மாநில சுயாட்சி திருவக்கரை வரை வருமா?

பெறுநர்:
வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

பொருள்: எங்கள் ஊரை எங்களிடமிருந்து காப்பாற்றி வருவதற்கு நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

திருவக்கரை நிலத்தில் எது வரலாம், எது வரக்கூடாது என்று யோசிக்கும் தொல்லையை எங்களுக்கு வைக்காமல் மேலிடங்களே பங்கு போட்டுக்கொண்டன. கல்மரப் பூங்கா டெல்லிக்கு. (அந்த மரங்களுக்கு ஏறத்தாழ இரண்டு கோடி வயது. வேலி போட்டிருப்பதால் இன்னும் மனையாகவில்லை.) வக்கிரகாளியம்மன் கோயில் அறநிலையத் துறைக்கு, சங்கராபரணி ஆறு நீர்வளத் துறைக்கு, கல்குவாரி கனிமவளத் துறைக்கு. வயல் மனைப்பிரிவாக மாறுவது உங்கள் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கு. மிச்சம் ஊராட்சிக்கு: தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, பௌர்ணமிக் கூட்டம் கலைந்த பிறகு கிடக்கும் குப்பை.

ஆண்டுக்கு 6 கிராம சபை உண்டு. அதில் தவறிப்போய் உருப்படியாக ஏதாவது தீர்மானம் போட்டுவிட்டால்? பயமில்லை. 1994 ஊராட்சிகள் சட்டத்தின் 202ஆம் பிரிவில் கலெக்டர் ஊராட்சித் தீர்மானத்தையே ரத்து செய்யலாம். 205இல் தலைவரையே நீக்கவும் வழி இருக்கிறது. ஏகனாபுரத்துக்காரர்கள் பரந்தூர் விமான நிலையம் வேண்டாமென்று சபைக்குச் சபை தீர்மானம் போட்டார்கள். திட்டம் அது பாட்டுக்கு நகர்ந்தது.

2023 ஏப்ரலில் சிறப்புத் திட்டங்களுக்கான நில ஒருங்கிணைப்புச் சட்டம் கொண்டுவந்தீர்கள். திட்டம் 100 ஹெக்டேருக்குக் குறையாமல் இருந்தால் போதும், உள்ளே கிடக்கும் ஏரி, ஓடையையும் சேர்த்தே கொடுக்கலாம். பேரவையில் விவாதம் இல்லாமலே நிறைவேறியது. பேரவையே வாய் திறக்காதபோது கிராம சபை பேசினால் மரியாதையாகவா இருக்கும்? ஆனால் ஒன்று உறுத்துகிறது. ஊராட்சிகளுக்குத் தரத்தக்கவை என்று அரசமைப்பின் 11ஆம் அட்டவணை சொல்லும் 29 இனங்களில் இரண்டாவதிலேயே நில ஒருங்கிணைப்பு இருக்கிறது. நகராட்சிகளுக்கான 12ஆம் அட்டவணையின் முதல் இரண்டு இனங்கள் நகரத் திட்டமிடலும் நிலப் பயன்பாடும். திண்டிவனம் நகராட்சி அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

மாநில சுயாட்சி கேட்பதில் நமக்கு இணை யார்? அதை ஆராய்ந்த ராஜமன்னார் குழு அறிக்கை தந்தது 1971இல். ஊர் நிலத்தின் தலையெழுத்தைக் கோட்டையில் வைத்த நகர் ஊரமைப்புச் சட்டமும் 1971ஆம் ஆண்டுச் சட்டம்தான். டெல்லி செய்தால் அதிகாரக் குவிப்பு, கோட்டை செய்தால் ஒற்றைச் சாளரம். கட்சி மாறினாலும் கோட்டையின் பிடி மாறவில்லை. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மாநில உரிமைக்கு இன்னொரு குழுவும் அமைந்தது. டெல்லியிடம் நீங்கள் கேட்பது முழுக்க நியாயம். அதே மனுவில் பெறுநர் பெயரை மட்டும் மாற்றி, உங்களுக்கே அனுப்ப எங்களுக்கு அனுமதி வேண்டும்.

அதுவரை ஓர் அரசாணை போதும், ஐயா. திருவக்கரையில் அடுத்த மனைப்பிரிவுக்கோ குவாரிக்கோ கையெழுத்துப் போடுமுன் கிராம சபையின் சம்மதம் கட்டாயம் என்று எழுதுங்கள்.

இப்படிக்கு,
கிராம சபை வருகைப் பதிவேட்டில் தவறாமல் கையெழுத்திடும் ஒருவன்,
திருவக்கரை, வானூர் வட்டம்.