மேம்பாட்டின் மகிமை
பேட்டரியின் ஆயுளை விருத்தி செய்யவே அவதரித்ததாகப் பிரகடனம் செய்துகொண்டு கைபேசியில் வந்திறங்கும் புதிய மென்பொருள், மறுநாள் காலை பத்து மணிக்குள் 100 சதவீதத்தை 40 ஆக்கிவிட்டு, புகைப்படங்களிலுள்ள முகங்களை மீண்டும் இனம்பிரிப்பதும் தேடலுக்கான அட்டவணையைப் புதிதாக எழுதுவதுமாக உள்ளே சாவகாசமாக வீற்றிருக்கும். இரண்டொரு நாள் விட்டுவைத்தால் பெரும்பாலும் தானே அடங்கிவிடும்; அந்தப் பொறுமைதான் நமக்கேது? வெளிச்சத்தைக் குறை, லொகேஷனை அணை, ப்ளூடூத்தைத் துற என்று நாலு பேர் சொன்ன உபதேசங்களையெல்லாம் சிரத்தையாக அனுஷ்டித்த பின், கைபேசியானது முற்றும் துறந்த சந்நியாசியைப் போலச் சார்ஜும் இறங்காமல், யாதொரு பிரயோஜனமும் இல்லாமல் விளங்குகிறது. 2017 டிசம்பரில், தளர்ந்த பேட்டரி கொண்ட பழைய ஐபோன்கள் திடீரென அணையாதிருக்க அவற்றின் வேகத்தை இத்தகைய மென்பொருள் மேம்பாட்டின் வழியே தானே மட்டுப்படுத்தியதாக ஒப்புக்கொண்ட ஆப்பிள் நிறுவனம், பகிரங்கமாக மன்னிப்புக் கோரி, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. பிராயச்சித்தத்துக்கும் பில் போட்ட அந்தத் தாராளம் கோயில் தேவஸ்தானங்களுக்குக்கூடச் சட்டென்று தோன்றியிராது.